வழக்கு விட்டுச்சென்ற வம்சாவளி

காஞ்சிபுரத்தில் கோர்ட் படியேறாத குடும்பத்தின் பூர்வீகத்தைத் தேடிப் பிடிப்பது கடினம். நான்கு தலைமுறைக்கு முன்னால் பங்காளிகள் ஒரு நடைச் சந்துக்காகவோ, கோயில் தீர்த்த வரிசைக்காகவோ, தாத்தா வைத்துவிட்டுப் போன இரண்டு தறிக்காகவோ முட்டிக்கொண்டிருந்தால் இன்றைய கொள்ளுப்பேரன் அதிர்ஷ்டசாலி. யாருக்கு யார் மகன், எந்தத் தெருவில் குடியிருந்தார்கள், யார் முதலில் இறந்தார், யாருக்குப் பிள்ளையில்லை என்பதெல்லாம் முத்திரைத்தாளில் ஏறியிருக்கும். சண்டை சச்சரவில்லாமல் வாழ்ந்த நல்ல குடும்பமோ மூன்றாம் தலைமுறையோடு மங்கிவிடும்.

இங்கிலாந்தில் 1538ஆம் ஆண்டிலிருந்தே ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஊர்த் தேவாலயத்தில் எழுதிவைக்கும்படி உத்தரவு இருந்தது. அங்கே ஒரு சாதாரணக் குடியானவனின் பெயரும் வாழ்நாளில் மூன்று முறையாவது ஏட்டில் ஏறிவிடும். நமக்கு அப்படி ஒரு ஏற்பாடு இருந்ததில்லை. பிறப்பு இறப்புப் பதிவைச் சென்னை மாகாணத்தில் ஒழுங்குபடுத்திய சட்டம் 1899இல் வந்தது. அதற்குப் பிறகும் பல வீடுகளில் பிறந்த தேதி ஜாதகக் கட்டத்தில்தான் இருந்தது. எனவே இங்கே முன்னோரைத் தேடுகிறவர் வேறு வாசல்களைத் தட்ட வேண்டியிருக்கிறது. நீதிமன்றம், பத்திரப் பதிவு அலுவலகம், ரெவின்யூ கணக்கு, கப்பல் பட்டியல் ஆகிய இவற்றில் யார் எந்த வாசலில் அகப்படுவார் என்பதை அவருடைய பக்தியோ புகழோ முடிவு செய்யவில்லை. அவரிடம் இழப்பதற்கு என்ன இருந்தது என்பதே முடிவு செய்தது.

பச்சையப்ப முதலியார் இதற்குப் பொருத்தமான சான்று. அவர் குடும்பம் காஞ்சிபுரத்தைச் சேர்ந்தது. பிறப்பதற்கு முன்பே தந்தை விசுவநாத முதலியார் காலமானார். தாயார் பூச்சியம்மாள் பெரியபாளையத்துக்கு இடம்பெயர்ந்து, பிறகு பிள்ளைகளோடு சென்னைக்கு வந்தார். நாராயண பிள்ளை என்ற துபாஷியின் ஆதரவில் வளர்ந்த பையன் பெரும் செல்வர் ஆகி, 1794 மார்ச் 22 அன்று உயில் எழுதி, அதே மாதக் கடைசியில் திருவையாற்றில் இறந்தார். வயது நாற்பது. கோயில்களுக்கும் தருமத்துக்குமாக அவர் ஒதுக்கிய பணம் யார் கையில் இருக்க வேண்டும் என்ற தகராறு சென்னை சுப்ரீம் கோர்ட் வரை போய்ப் பல பத்தாண்டுகள் நீடித்தது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் தலையிட்டு, அந்தப் பணத்தில் 1842இல் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. காஞ்சிபுரத்திலும் பச்சையப்பன் பெயரில் பள்ளியும் கல்லூரியும் இருக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் கணவனை இழந்து, கைக்குழந்தையோடு ஊர் மாறிய காஞ்சிபுரத்துப் பெண்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒரு பூச்சியம்மாளின் பெயரும் அவர் போன வழியும் நமக்குத் தெரிவதற்குக் காரணம், அவர் மகனின் சொத்து வழக்கில் சிக்கியதுதான்.

சொத்தைவிட மரியாதைக்காக நடந்த வழக்குகள் இந்த ஊரில் இன்னும் நீளமானவை. சின்ன காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாள் கோயிலில் பிரபந்தம் ஓதும் உரிமை யாருக்கு, எந்த வாழித் திருநாமத்தை எங்கே சொல்வது என்று வடகலையாரும் தென்கலையாரும் தொடுத்த வழக்குகள் பிரசித்தம். 1882இல் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்றை இந்த நூற்றாண்டு வக்கீல்களும் கையில் வைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள். பக்தர்களுக்கு இது சலிப்பூட்டும் சங்கதி. வம்சாவளி தேடுகிறவருக்கோ புதையல். பிரபந்தம் ஓதும் அத்தியாபக மிராசு என்பது பரம்பரை உரிமை. உரிமை கேட்கிறவர், தான் எந்தப் பரம்பரை என்று காட்டியாக வேண்டும். தர்மகர்த்தா பதவிக்கும் அப்படித்தான். பெரிய காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதர், காமாட்சியம்மன், கச்சபேசுவரர், குமரகோட்டம் என்று எந்தக் கோயிலை எடுத்தாலும் முறை, பங்கு, கட்டளை, மண்டகப்படி என்ற சொற்களைச் சுற்றிக் குடும்பங்கள் நிற்கின்றன. ஆண்டில் இத்தனை நாள் பூஜை முறை என்று பங்கு பிரித்து, அந்தப் பங்கு மகன்களுக்குள் மறுபடி பிரிந்து, கால் பங்கு அரைக்கால் பங்கு என்று தேய்ந்துகொண்டே வரும். அந்தப் பின்னங்களை மேல்நோக்கிக் கூட்டிக்கொண்டே போனால் ஒரே ஒரு மூதாதையிடம் வந்து நிற்கலாம். அர்ச்சகர் நியமனத்தில் வாரிசுரிமையைத் தமிழ்நாடு அரசு நீக்கிச் சட்டம் செய்தது 1971இல். அதுவரை வம்சாவளி என்பது பிழைப்புக்கான ஆதாரம்.

பாகப்பிரிவினை வழக்கின் பிராதோடு வம்சாவளிப் பட்டியல் ஒன்றை இணைப்பது இன்றும் வழக்கம். மேலே மூல புருஷர். கீழே கோடு கோடாகக் கிளைகள். இறந்தவர்களுக்கு எதிரே ‘காலஞ்சென்றவர்’ என்று குறிப்பு. இதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. வாதியின் வக்கீல் வாதியின் பங்கு பெருகும்படி வரைந்த மரம் அது. சின்ன வயதில் செத்த பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். இளைய தாரத்துப் பிள்ளைகள் விடுபட்டிருக்கலாம். தத்துப் பிள்ளையைச் சொந்தப் பிள்ளை என்றும், சொந்தப் பிள்ளையைத் தத்து போனவன் என்றும் எழுதியிருக்கலாம். இந்தக் குறைகளைப் பிரதிவாதியின் பதிலுரை கிழித்துக் காட்டும். ஆகவே பிராதையும் பதிலுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்லது. குறுக்கு விசாரணைப் பக்கங்கள் கிடைத்துவிட்டால் இன்னும் விசேஷம். எண்பது வயதுக் கிழவர் ஒருவர் கூண்டில் ஏறி, யார் கல்யாணத்துக்கு யார் பந்தல் போட்டார், யார் சாவுக்கு யார் கொள்ளி வைத்தார் என்று சொல்லும்போது எந்தப் புலவரும் பாடாத குடும்பக் கதை வெளிவருகிறது.

1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் இந்த விஷயத்தில் ஆச்சரியமான நுட்பம் கொண்டது. செத்துப்போனவர் ஒருவர் உறவுமுறை பற்றிச் சொல்லிவைத்ததை அதன் 32ஆம் பிரிவு சாட்சியமாக ஏற்றது. ஆனால் தகராறு கிளம்புவதற்கு முன்பே அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டும். உயில், குடும்பப் பத்திரம், வம்சாவளி ஏடு, கல்லறைக் கல், குடும்பப் படம் இவற்றில் இறந்தவர் குறித்துவைத்த உறவும் செல்லும். முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆவணம், இருக்க வேண்டிய கையில் இருந்து வந்தால், அதன் கையெழுத்தை உண்மையென்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்பது 90ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இந்த ஏற்பாடுகள் தொடர்கின்றன. சொந்தக் குடும்ப வரலாறு எழுதுகிறவர்களுக்கு இந்தப் பிரிவுகளைவிட நல்ல பாலபாடம் வேறில்லை. பெரியப்பா சொன்னதெல்லாம் வரலாறு ஆகாது. பெரியப்பா எப்போது சொன்னார், அப்போது அதனால் அவருக்கு ஏதும் லாபம் இருந்ததா என்று கேட்க வேண்டும்.

சரி, இந்தக் காகிதங்கள் எங்கே இருக்கின்றன? ஜில்லா கோர்ட்டுகளைக் கம்பெனி அரசு 1802இல் ஏற்படுத்தியது. 1816இல் ஜில்லா முன்சீபுகள் வந்தார்கள். உயர் நீதிமன்றம் 1862இல். காஞ்சிபுரத்து வழக்கு உள்ளூர் முன்சீப் கோர்ட்டில் பிறந்து, செங்கல்பட்டு ஜில்லா கோர்ட்டில் அப்பீலாகி, சென்னையில் முடிந்திருக்கும். கலெக்டர் கச்சேரியோ 1968 வரை சைதாப்பேட்டையில் இருந்தது. 1997இல் பழைய செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டானது. 2019இல் செங்கல்பட்டு தனியாகப் பிரிந்தது. ஒவ்வொரு பிரிவினையிலும் கட்டுகள் வண்டி ஏறி இறங்கின. ஒரே குடும்பத்தின் காகிதம் மூன்று ஊர்களில் கிடப்பது இதனால்தான்.

எல்லாம் கிடக்கிறது என்றும் எண்ணிவிடக் கூடாது. 1917ஆம் ஆண்டின் ஆவண அழிப்புச் சட்டப்படி, எந்தக் காகிதத்தை எத்தனை ஆண்டு வைத்திருப்பது என்று உயர் நீதிமன்றங்கள் விதி செய்துகொள்ளலாம். தீர்ப்பும் டிகிரியும் நீண்ட ஆயுள் பெற்றவை. சாட்சி வாக்குமூலம், மனுக்கள், சம்மன்கள் முதலியவை தவணை முடிந்ததும் எரிக்கவோ கிழிக்கவோ படும். வம்சாவளி தேடுகிறவருக்கு வேண்டிய சதை பெரும்பாலும் எரிகிற பக்கத்தில்தான் இருக்கிறது. அப்பீல் வரை போன வழக்கென்றால் தப்பிக்க ஒரு வழி உண்டு. மேல் கோர்ட்டுக்காகச் சாட்சியங்களை ஆங்கிலத்தில் பெயர்த்து அச்சடித்த கட்டு எங்கேனும் ஒரு பழைய வக்கீல் வீட்டு அலமாரியில் இருக்கலாம். முக்கியமான வழக்குகள் 1876 முதல் வெளிவந்த சென்னைத் தீர்ப்புத் திரட்டுகளில் வம்சக் கோடுகளோடு அச்சேறின.

கோர்ட்டுக்குப் போகாதவர்களும் பத்திர ஆபீசுக்குப் போயிருப்பார்கள். 1860களில் தொடங்கிய பதிவுமுறையில் பெயர் அட்டவணை ஒன்று, சொத்து அட்டவணை ஒன்று என்று தனித்தனி. முதலாம் அட்டவணையில் எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர் இருவர் பெயரும் வரும். இணையத்தில் எடுக்கிற வில்லங்கச் சான்று அண்மைப் பத்தாண்டுகளோடு நின்றுவிடும். அதற்கு மேலே போக மனுப் போட்டுக் கையால் தேட வேண்டும். நூறு வருஷத்துக் கிரயப் பத்திரம் ஒன்றை விரித்தால், பணத்தொகைக்கு முன்னால் நீண்ட முகவுரை இருக்கும். செங்கல்பட்டு ஜில்லா, காஞ்சிபுரம் தாலுகா, பெரிய காஞ்சிபுரம், இன்ன தெரு, இன்ன கதவிலக்கம், இன்னார் குமாரர், இன்ன ஜாதி, இன்ன ஜீவனம். கடைசியில் செக்குபந்தி, அதாவது நான்கெல்லை. கிழக்கே இன்னார் வீடு, மேற்கே இன்னார் மனை, தெற்கே தெரு, வடக்கே இன்னார் தோட்டச் சுவர். தன் குடும்பத்துப் பத்திரமே கிடைக்காதவருக்குப் பக்கத்து வீட்டுப் பத்திரத்தின் எல்லைக் குறிப்பில் தன் கொள்ளுத்தாத்தா சுவராக நின்றுகொண்டிருப்பது தெரியவரும். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுத் தெருக்களில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருப்பதால், ஒரு தெருவின் பத்து பத்திரங்களை அடுக்கினால் அந்தக் காலத்துத் தெருவே எழுந்து நிற்கும்.

இரண்டு பொறிகளை மட்டும் மறந்துவிடக் கூடாது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். ஏகாம்பரம் மகன் வரதன், வரதன் மகன் ஏகாம்பரம், அந்த ஏகாம்பரம் மகன் மறுபடி வரதன் என்று இரண்டே பெயர்கள் ஊஞ்சலாடும். இதோடு தமிழ் வருஷக் கணக்கும் சேர்ந்துகொண்டால் தலை சுற்றும். விளம்பி வருஷம் 1898இலும் வந்தது, 1958இலும் வந்தது, 2018இலும் வந்தது. ஓலையிலோ நோட்டுப் புத்தகத்திலோ ‘விளம்பி வருஷம் ஆவணி மாதம் ஏகாம்பரம் வாங்கிய கடன்’ என்று மட்டும் இருந்தால், கடன் வாங்கியது தாத்தாவா பேரனா என்று ரூபாயின் அளவையும் சாட்சிகளின் பெயரையும் கொண்டுதான் தீர்மானிக்க வேண்டும்.

பத்திரத்துக்கும் முந்திய காலத்துக்கு இந்த மாவட்டத்தில் இருப்பதுபோன்ற சான்று தமிழ்நாட்டில் வேறெங்கும் கிடைப்பது அரிது. 1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கம்பெனியின் பொறியாளர் தாமஸ் பார்னார்டு 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து, நிலம், ஏரி, குடிகள், தொழில், ஊர்ப்பணியாளருக்குரிய பங்கு என்று கணக்கெடுத்தார். அந்தக் கணக்கின் தமிழ் மூலங்கள், ஊர்க் கணக்கர்கள் எழுதிய ஓலைகள், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஆங்கிலச் சுருக்கம் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில். காந்தியவாதி தரம்பால் இவற்றின் அருமையைச் சுட்டிக்காட்டிய பிறகு, சென்னையிலுள்ள சமுதாயக் கொள்கை ஆய்வு மையத்தார் இவற்றில் உழைத்தார்கள்; திருப்போரூர், வடக்குப்பட்டு ஊர்களின் கணக்கு நூலாகவும் வந்தது.

ஆனால் இந்தக் கணக்கிலிருந்து நேராக இறங்கி வர முடியாது. நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. 1780இல் ஹைதர் அலியின் படை கர்நாடகச் சீமைக்குள் இறங்கியது. செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. அடுத்த ஆண்டும் அதே இடத்தில் சண்டை. பயிர் எரிந்தது, மாடு போயிற்று, பஞ்சம் வந்தது, ஊர் ஊராகச் சனங்கள் சிதறினார்கள். 1794இல் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ், ஆள் இல்லாத ஊர்களையும் உரிமை கேட்டு நிற்கிற மிராசுதார்களையும் பற்றி 1799இல் நீண்ட அறிக்கை எழுதினார். எந்த ஊரில் யார் காணியாட்சிக்காரர் என்ற வாதம் அப்போது கிளம்பி, 1818இல் சென்னைக் கலெக்டர் எல்லிஸ் மிராசு உரிமை பற்றிய பதினேழு கேள்விகளுக்கு விடை எழுதும் வரைக்கும் ஓய்ந்தபாடில்லை. பார்னார்டு கணக்கில் வருகிற குடியும் பிளேஸ் காலத்தில் அதே ஊரில் இருந்த குடியும் ஒரே குடும்பம் என்று காட்ட வேண்டுமானால், போனவர்கள் திரும்பினார்களா, வேறு யாராவது வந்து குடியேறினார்களா என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். ‘ஆயிரம் வருஷமாக இதே மண்ணில்’ என்று மார்தட்டும் குடும்ப மலர்கள் இந்தப் பள்ளத்தைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன.

நெசவாளர் சங்கதி தனி. நிலம் இருந்தால் கணக்கில் வருவார்கள். தறி மட்டுமே உள்ளவரை அரசு வரிக்காக மட்டுமே எண்ணியது. கல்வெட்டில் தறி இறை, கம்பெனி ஏட்டில் மோதர்பா. அங்கே தறியின் எண்ணிக்கை இருக்கும், தறிக்காரர் பெயர் பெரும்பாலும் இருக்காது. ஆயினும் கைக்கோளர் என்கிற செங்குந்தர் சமூகமாகக் கல்வெட்டுகளில் நிறையத் தென்படுகிறார்கள். சோழர் காலத்தில் கைக்கோளப் படைகள் இருந்தன. விஜயநகரக் காலத்தில் சங்கும் தண்டும் பயன்படுத்தும் உரிமையை வேறு ஊர்க் கைக்கோளருக்கு வழங்கியபோது, காஞ்சிபுரத்துக் கைக்கோளர் அனுபவிக்கிற முறைப்படி என்று எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். அவர்களுடைய எழுபத்திரண்டு நாட்டு அமைப்புக்குத் தலைமை இடம் காஞ்சி. சின்ன நாட்டில் தீராத தகராறு மகாநாட்டுக்கு வரும். கல்யாண முறிவு, பங்கு, சாதி விலக்கு எல்லாம் அங்கே விசாரணை ஆயின. மானிடவியலாளர் மேட்டிசன் மைன்ஸ் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அதுவும் ஒரு நீதிமன்றம்தான். என்ன செய்ய, அதற்கு ரெக்கார்டு ரூம் கிடையாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த அமைப்பு தளர்ந்தபோது, அதன் தீர்ப்புகள் பெரியவர்களின் ஞாபகத்தோடு போயின.

காகிதம் கைவிடுகிற இடத்தில் வழிபாடும் வீட்டுப் பேச்சும் உதவும். காஞ்சிபுரத்துப் பத்மசாலியர் வீடுகளில் தெலுங்கு பேசுகிறார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வீட்டுப்பெயர் உண்டு. அது பலமுறை ஆந்திரத்து ஊர் ஒன்றின் பெயராக இருக்கும். ஆர்த்தி கால்ரா இந்த நெசவாளரிடையே ஆண்டுக்கணக்கில் ஆய்வு செய்து 2018இல் நூல் வெளியிட்டார். தமிழ் பேசும் குடும்பங்களுக்கு வீட்டுப்பெயர் இல்லை, ஆனால் குலதெய்வம் இருக்கிறது. ஊரில் பெரிய பெரிய கோபுரங்கள் இருக்க, காதுகுத்துக்கு மட்டும் வேனெடுத்துக்கொண்டு எங்கோ ஒரு ஏரிக்கரைச் சாமியிடம் போகிறார்களே, அங்கிருந்துதான் கிளம்பி வந்திருப்பார்கள் என்பது பெரும்பாலும் சரியாக இருக்கும். அதே சாமிக்கு வருகிற மற்றவர்கள் பங்காளிகள்; அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. அந்தக் கோயில் பொங்கல் வரி நோட்டு, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று எழுதிய சாதாரண நாற்பது பக்க நோட்டு, சில வேளை ஜில்லா கோர்ட் டிகிரியைவிட அதிகம் சொல்லும்.

நெசவாளர் இடம்பெயர்வது புதிதல்ல. குஜராத்தின் லாட நாட்டிலிருந்து பட்டு நெசவாளர் மத்தியப் பிரதேசத்து மந்தசோருக்குக் குடியேறிச் சூரியன் கோயில் கட்டியதை ஐந்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு சொல்கிறது; போன இடத்தில் சிலர் நெசவை விட்டு வேறு வித்தைகளுக்கு மாறியதையும் சொல்கிறது. தொழிலை வைத்துப் பூர்வீகம் தேடுகிறவர் இதைக் கவனிக்க வேண்டும். காஞ்சிபுரத்திலேயே கம்பெனிக் காலத்துப் பதிவுகளில் பருத்தித் துணிதான் பெரிதாகப் பேசப்படுகிறது. பட்டு இந்த ஊரின் முகமானது அதற்குப் பின்னால். இன்று பட்டு நெய்கிற வீட்டின் கொள்ளுத்தாத்தாவைப் ‘பட்டுத் தறிக்காரர்’ என்று தேடினால் அகப்பட மாட்டார்.

ஊரைவிட்டுப் போனவர்களில் துலக்கமான தடம் விட்டுச்சென்றது ஒரு தெய்வத்தின் குடும்பம். படையெடுப்புக் காலங்களில் காஞ்சிபுரத்துத் திருமேனிகள் ஒளித்து எடுத்துச் செல்லப்பட்டன. வரதர் உடையார்பாளையம் போய் 1710இல் திரும்பினார். அதைச் சொல்லும் கல்வெட்டு கோயிலிலேயே இருக்கிறது. பங்காரு காமாட்சியோ திரும்பவில்லை. பொன் அம்மனைச் சுமந்துகொண்டு புறப்பட்ட அர்ச்சகக் குடும்பம் உடையார்பாளையம், திருவாரூர் என்று நகர்ந்து கடைசியில் தஞ்சாவூரில் நிலைத்தது. அந்தக் குடும்பத்தில் 1762இல் திருவாரூரில் பிறந்தவர்தான் சியாமா சாஸ்திரி. சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவருடைய பூர்வீகம் இவ்வளவு தெளிவாகத் தெரிவதற்கு, அவர்கள் சுமந்துபோன அம்மன் இன்னும் தஞ்சை மேல வீதியில் இருப்பது ஒரு காரணம்.

சுமக்கத் தெய்வமும் இல்லாமல், விற்க நிலமும் இல்லாமல் போனவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலேறினார்கள். இங்கேதான் கணக்கு தலைகீழாகிறது. ஊரில் இருந்தவரை எந்த ஏட்டிலும் பெயர் வராத கூலி ஆள், கப்பலேறும் அன்று வாழ்க்கையிலேயே முதல் தடவையாக முழுமையாக எழுதப்பட்டார். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் மச்சமோ தழும்போ இருக்குமிடம். 1860இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 342 பேரோடு நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலுள்ள டர்பனில் நங்கூரம் பாய்ச்சியது. 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். வட ஆற்காடும் செங்கல்பட்டும் அந்தப் பட்டியல்களில் திரும்பத் திரும்ப வரும் ஜில்லாக்கள். 1876-78 தாதுப் பஞ்சம் இந்தப் பக்கத்துக் கிராமங்களை உலுக்கிய காலம் அது. மொரீஷியஸில் 1860களிலிருந்து புகைப்படமும் எடுத்தார்கள். அந்த ஏடுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன. பீஜிக்கு 1903இலிருந்து சென்னைக் கப்பல்கள் போயின.

டர்பனிலிருந்து மூட்லி, கோவெண்டர், நாயுடு என்ற குடும்பப் பெயர்களோடு பேரப்பிள்ளைகள் பூர்வீகம் தேடி வருகிறார்கள். அங்கே குடும்பப் பெயராகிவிட்டது இங்கே சாதிப் பட்டம். அதை வைத்து ஒரு தெருவைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. கையிலுள்ள கப்பல் எண்ணும் கிராமப் பெயரும்தான் பிடி. ஆங்கிலேய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய கிராமப் பெயரைப் பழைய தாலுகா வரைபடத்தோடு ஒப்பிட்டு, ஒலியை வைத்து ஊகிக்க வேண்டும். காஞ்சிபுரமே ‘கான்ஜீவரம்’ ஆன காலத்தில் குக்கிராமங்கள் என்ன பாடுபட்டிருக்கும்! ஊர் கிடைத்துவிட்டாலும் அங்கே ஒரு வீடு கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. போனவர்களில் பலர் சேரிகளிலிருந்து போனவர்கள். சேரி மனைகளுக்கு அப்போது பட்டா இல்லை. இதே ஜில்லாவின் கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் செங்கல்பட்டுப் பறையர்களின் நிலைமையைப் பற்றி எழுதிய அறிக்கைக்குப் பிறகுதான், 1892இல் பஞ்சமி நிலம் வழங்கும் அரசாணை வந்தது. அந்த ஒதுக்கீட்டுப் பதிவுகள்தாம் பல தலித் குடும்பங்களுக்கு முதல் நிலக் காகிதம். 1892க்கு முன் கப்பலேறியவரின் அண்ணன் தம்பிகள் ஊரில் தங்கியிருந்தால், அவர்கள் பிள்ளைகளின் பெயர் அதில் இருக்க வாய்ப்புண்டு. மலேயாவுக்கும் இலங்கைக்கும் கங்காணியோடு போனவர்களுக்கு இந்த வழியும் அடைபட்டது. கங்காணி தன் உறவையும் ஊரையும் கூட்டிப் போனான். நேட்டால் பட்டியல்போல ஆளுக்கு ஒரு வரி எழுதுவார் இல்லை.

பெண்களைத் தேடுவது எல்லாவற்றிலும் கடினம். பத்திரத்தில் அவர் இன்னாரின் பாரியாள், இன்னாரின் குமாரத்தி. வம்சாவளிக் கோட்டில் பெரும்பாலும் இல்லவே இல்லை. விதவையாகி, கணவன் பங்குக்கு வழக்காடினால் மட்டும் சொந்தப் பெயரோடு வாதியாக நிற்பார். விதிவிலக்கு தேவரடியார் குடும்பங்கள். அங்கே சொத்தும் கோயில் முறையும் தாயிடமிருந்து மகளுக்கோ தத்தெடுத்த பெண்ணுக்கோ இறங்கின. எனவே அவர்களுடைய வழக்குகளில் பாட்டி, தாய், மகள் என்று பெண்வழியே மரம் கிளைக்கிறது. பொட்டுக்கட்டுவதை 1947ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்த பிறகு அந்தக் குடும்பங்கள் பலவும் அந்தக் கிளையை வெட்டிவிட்டு மேலே பேச மறுப்பதுண்டு. அது அவர்கள் உரிமை. ஆவணம் கிடைத்தது என்பதற்காக அடுத்தவர் வீட்டுக் கதையை அச்சில் ஏற்ற வேண்டியதில்லை.

1989இல் தமிழ்நாடு அரசு கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று சட்டத்தைத் திருத்தியது. 2005இல் நாடு முழுவதற்கும் அது வந்தது. அதன் பிறகு காஞ்சிபுரம் கோர்ட்டுகளில் தாக்கலாகும் பாகப்பிரிவினைப் பிராதுகளில் வம்சாவளியின் தோற்றமே மாறிவிட்டது. மூத்த மகள், இளைய மகள், இறந்துபோன மகளின் பிள்ளைகள் எல்லாரும் கோட்டுக்குள் வந்துவிட்டார்கள், வாழ்க்கைப்பட்டுப் போன ஊரின் முகவரியோடு. தறி வேலையை விட்டு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கும் வெளிநாட்டுக்கும் போன மகன்களுக்கு அந்தந்த முகவரியில் சம்மன் போகிறது. திரும்பி வந்த சம்மன் உறையும் கட்டில் சேர்த்துத் தைக்கப்படுகிறது. அழிப்பு விதிகளின்படி அந்தக் கட்டில் தீர்ப்பையும் டிகிரியையும் தவிர மற்ற பெரும்பாலான காகிதங்களுக்கு ஆயுள் சில ஆண்டுகள்தாம். தன் வழக்கு முடிந்த கையோடு சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுகிறவர், தீர்ப்போடு நிறுத்திவிடாமல் பிராதுக்கும் பதிலுரைக்கும் சாட்சி வாக்குமூலத்துக்கும் சேர்த்தே ஸ்டாம்பு ஒட்டிவிடலாம்.